பெஸ்ட் பஸ்ஸுக்கு மும்பை மாநகராட்சி பணம் தருவதை நிறுத்தினால் என்ன?

கேள்வி: மும்பை மாநகராட்சி, நகரப் பஸ்களை ஓட்டுகிற தன் சொந்த நிறுவனமான பெஸ்ட்டுக்கு 2025-26 பட்ஜெட்டில் 1,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. அப்படியும் பற்றாக்குறை தீரவில்லை. ஓட்டைப் பானையில் எத்தனை காலம் தண்ணீர் ஊற்றுவது? மெட்ரோ வந்துவிட்ட ஊரில் மாமன்றம் இந்த மானியத்தை நிறுத்திவிடுவதுதானே நியாயம்?

பதில்:

நிறுத்தக் கூடாது என்பதே என் கருத்து. அதே சமயம், இப்போது தருகிற விதத்தில் தந்துகொண்டே இருப்பதையும் என்னால் ஆதரிக்க முடியாது. பாதியைக் கொடுத்துவிட்டு மீதிப் பாதியை நிர்வாகச் சீர்கேடு என்று பெயர் சூட்டி ஒதுக்கிவைக்கிற வழக்கம் மும்பையில் பத்தாண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. இன்றைய நிலைக்குப் பெரும்பங்கு அதுதான் காரணம். எப்படி என்று சொல்ல, பணம் எங்கிருந்து வந்துகொண்டிருந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பெஸ்ட் வெறும் பஸ் நிறுவனம் அன்று. 1905-இல் மின்சாரமும் டிராமும் சேர்ந்த தனியார் நிறுவனமாக உருவானது. 1907-இல் மின்சார டிராம் ஓடியது, 1926-இல் பஸ் வந்தது, 1947 ஆகஸ்ட் 7 அன்று மாநகராட்சி அதை வாங்கியது. டிராம் 1964 மார்ச்சில் நின்றுபோனது. மின்சாரம் மட்டும் அன்றிலிருந்து இன்றுவரை தொடர்கிறது. கொலாபாவிலிருந்து மாஹிம், சயான் வரையுள்ள தீவு நகரத்துக்கு மின்சாரம் விநியோகிப்பது பெஸ்ட். சுமார் பத்து லட்சம் இணைப்புகள். வடக்கே இருக்கிற புறநகர்களுக்கு வேறு நிறுவனங்கள் மின்சாரம் தருகின்றன. பஸ் மட்டும் ஊர் முழுக்க ஓடுகிறது. எல்லையைத் தாண்டி நவி மும்பை, தாணே, மீரா-பாயந்தர் பக்கமும் போகிறது.

பல பத்தாண்டுகள் மின்சாரத்தில் கிடைத்த உபரி, பஸ்ஸின் பற்றாக்குறையை அடைத்தது. தாராவியில் தையல் இயந்திரம் ஓட்டிய தமிழரும் மாட்டுங்காவில் மெஸ் நடத்தியவரும் கட்டிய மின்கட்டணத்தில் ஒரு பகுதி, வடக்குப் புறநகர்களான போரிவலியிலும் முலுண்டிலும் பஸ் ஓட உதவியது. போரிவலிக்காரரின் மின்கட்டணத்தில் அந்தச் சுமை இல்லை. நியாயமா என்றால், இல்லை. ஆனால் வேலை நடந்தது. மாமன்றத்தில் எவரும் பஸ் மானியம் பற்றி வாதாட வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் மானியம் என்ற சொல்லே கணக்கில் எழவில்லை. பஸ் சேவைக்குப் பெயர் பெற்ற நிறுவனம் என்று ஊரே பெருமைப்பட்ட காலம் அது. அந்தப் பெருமைக்கு யார் பணம் கட்டினார்கள் என்று யோசித்தவர்கள் குறைவு.

2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் மின் விநியோகத்தின் கணக்கையும் பிற தொழில்களின் கணக்கையும் கலக்கக் கூடாது என்ற கொள்கையைக் கொண்டுவந்தது. உள்ளாட்சி அமைப்புகளுக்கு அதில் விலக்கு இருந்தது. அந்த விலக்கைக் காட்டி, பஸ் பற்றாக்குறையை ஈடுகட்டும் தனிக் கட்டணம் ஒன்றை மின்கட்டணத்தோடு வசூலிக்க மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் சில ஆண்டுகள் இடம் கொடுத்தது. மறைவாக இருந்த சுமை வெளியே தெரிந்தபோது நுகர்வோர் சும்மா இருப்பார்களா? எதிர்ப்பு வலுத்தது. 2010-களின் நடுப்பகுதியில் அந்த வழி அடைபட்டது.

பஸ் அதே பஸ், ஊழியர் அதே ஊழியர், டீசல் விலை மட்டும் ஏறியது. கொடுத்துக்கொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டார். அடுத்து யார் கொடுப்பது என்று மாமன்றம் முடிவெடுக்கவில்லை. பெஸ்ட் "நஷ்டத்தில் விழுந்தது" என்று செய்திகளில் படித்திருப்பீர்கள். டிக்கெட் வருமானத்தில் மட்டும் அது தன் காலில் நின்ற காலம் அதற்கு முன்பும் இல்லை.

மாநகராட்சி முதலில் செய்தது என்ன தெரியுமா? கடன் கொடுத்தது. 2013 வாக்கில் சுமார் 1,600 கோடி ரூபாய், பத்து விழுக்காடு வட்டிக்கு. தன்னுடைய சொந்தப் பிரிவுக்கு, வங்கி போல வட்டி போட்டு! பெஸ்ட்டின் பட்ஜெட்டை மாநகராட்சி ஆவணங்களில் 'சி' பட்ஜெட் என்பார்கள். முதன்மைப் பட்ஜெட் 'ஏ'. எழுத்து வேறு, உரிமையாளர் ஒருவர்தான். வருமானம் போதாமல் வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட, அந்த வருமானத்திலிருந்தே எடுக்க வேண்டியிருந்தது. புதுப் பஸ் வாங்குவது தள்ளிப்போனது. பழையவை ஆயுள் முடிந்து கழிந்தன. 2010 வாக்கில் நான்காயிரத்துக்கு மேல் இருந்த பஸ்கள், 2010-களின் இறுதியில் மூவாயிரத்தை ஒட்டிவிட்டன. நாளுக்கு நாற்பது லட்சத்துக்கு மேல் இருந்த பயணிகள் பாதிக்கும் கீழே போனார்கள். சம்பளம் தாமதமானதால் 2017 ஆகஸ்டில் ஒரு நாள் வேலைநிறுத்தம் நடந்தது. 2019 ஜனவரியில் ஒன்பது நாள் பஸ்ஸே ஓடவில்லை. உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே முடிந்த அந்த வேலைநிறுத்தத்தில் தொழிற்சங்கங்கள் வைத்த முதன்மையான கோரிக்கைகளுள் ஒன்று, 'சி'-யை 'ஏ'-யோடு இணைத்துவிடு என்பது.

இணைப்புப் பற்றி ஒரு வார்த்தை. ஆதரித்துப் பேசாத கட்சி மும்பையில் அரிது. செய்துகாட்டிய கட்சி எதுவும் இல்லை. இணைத்தால் சம்பளம் உறுதியாகும், அது உண்மை. பஸ் கூடுதலாக ஓடும் என்பதற்கு அதில் எந்த உத்தரவாதமும் இல்லை. அதனால்தான் இணைப்பை ஒரு மந்திரம் போல உச்சரிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

2019-இன் நடுவில் மாநகராட்சி மனம் மாறியது. 600 கோடி ரூபாய் மானியம் வந்தது. நிபந்தனைகளும் வந்தன: கட்டணத்தைக் குறை, பஸ் எண்ணிக்கையை ஏழாயிரமாக உயர்த்து, புதிய பஸ்களைச் சொந்தமாக வாங்காமல் குத்தகைக்கு எடு. ஜூலை 9 அன்று குறைந்தபட்சக் கட்டணம் எட்டு ரூபாயிலிருந்து ஐந்தானது. ஏசி பஸ்ஸில் இருபதிலிருந்து ஆறானது. ஐந்து ரூபாய்க்கு ஐந்து கிலோமீட்டர்! ஷேர் ஆட்டோவுக்குப் போயிருந்த கூட்டம் சில நாட்களிலேயே திரும்பி வந்தது. பயணிகள் எண்ணிக்கை பல லட்சம் கூடியது. கட்டணம் மலிவாக இருந்தால் ஆள் ஏறுவார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்திய நகரங்களில் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் வந்தவர்களை ஏற்றிக்கொள்ளப் பஸ் எங்கே? ஏழாயிரம் என்ற இலக்கை நிறுவனம் இன்றுவரை தொடவில்லை. பிறகு பத்தாயிரம் மின்பேருந்துகள் என்று ஓர் இலக்கு வந்தது. 2025-இல் ஓடியவை மூவாயிரத்துக்கும் கீழ். சொந்தப் பஸ்களை 3,337 என்ற எண்ணிக்கையில் வைத்திருப்போம் என்று 2019-இல் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். அந்த எண் இன்று சில நூறுகளுக்கு இறங்கிவிட்டது. கட்டணத்தைக் குறைக்க ஒரு கையெழுத்துப் போதும். பஸ் சேர்க்கப் பல ஆண்டுகளுக்குத் தொடர்ச்சியான பணம் வேண்டும். மாநகராட்சி முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை ஆண்டுக்கு ஆண்டு பேரம் பேசியது.

குத்தகை முறையைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் மானியப் பணத்தில் கணிசமான பங்கு இதில்தான் போகிறது. பஸ்ஸும் ஓட்டுநரும் பராமரிப்பும் ஒப்பந்த நிறுவனத்தின் பொறுப்பு. ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பெஸ்ட் பணம் தரும். டிக்கெட் வருமானம் பெஸ்ட்டுக்கு. கையில் முதலீடு இல்லாத நிறுவனம் விரைவாகப் பஸ்களைச் சாலைக்குக் கொண்டுவர இது நல்ல ஏற்பாடு. உலகத்தில் பல பெரிய நகரங்கள் இப்படித்தான் ஓட்டுகின்றன. முறையை நான் குறை சொல்லவில்லை. எனக்கு உறுத்துவது, மிகக் குறைந்த விலை கேட்டவருக்கு ஒப்பந்தம் கொடுத்துவிட்டு, பிறகு மேற்பார்வைக்கு ஆள் வைக்காமல் விட்டது. விலை கட்டுப்படியாகவில்லை என்று சில ஒப்பந்த நிறுவனங்கள் நடுவழியில் விலகின. ஒவ்வொரு முறையும் நூற்றுக்கணக்கான பஸ்கள் ஒரே அடியாகத் தடங்களிலிருந்து மறைந்தன. சம்பளப் பிரச்சினையில் குத்தகை ஓட்டுநர்கள் திடீரென வேலையை நிறுத்தியதும் உண்டு. நிறுத்தத்தில் நிற்கிற பயணிக்கு இந்த ஒப்பந்த விவரம் எதுவும் தெரியாது. பஸ்ஸில் பெஸ்ட் என்று எழுதியிருக்கிறது, பெஸ்ட் வரவில்லை, அவ்வளவுதான்.

2024 டிசம்பர் 9 இரவு குர்லா மேற்கில் குத்தகை மின்பேருந்து ஒன்று கூட்டத்தில் பாய்ந்து பலர் உயிரிழந்தார்கள். அதன் பிறகே, மின்பேருந்து ஓட்ட எத்தனை நாள் பயிற்சி தருகிறார்கள் என்ற கேள்வி பொதுவெளியில் உரக்க எழுந்தது. பயிற்சிக்கும் செலவாகும். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று விலையை அடித்துப் பேசும்போது முதலில் வெட்டுப்படுவது அதுபோன்ற கண்ணுக்குத் தெரியாத செலவுகள்தான்.

இனி உங்கள் ஆயிரம் கோடிக்கு வருகிறேன். 2025-26-இல் மாநகராட்சியின் மொத்தப் பட்ஜெட் 74,427 கோடி ரூபாய். அதில் பெஸ்ட்டின் பங்கு ஒன்றே கால் விழுக்காட்டுக்குச் சற்று மேல். நாளுக்கு 25 லட்சம் பேர் ஏறுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரு பயணத்துக்கு மாநகராட்சி போடுவது பதினோரு ரூபாய். இதே மாநகராட்சி பதின்மூன்றாயிரம் கோடிக்கு மேல் செலவழித்துக் கடற்கரைச் சாலை போட்டது. 2024 மார்ச் முதல் கார்கள் அதில் சுங்கம் கட்டாமல் போகின்றன. அந்தச் சாலை நஷ்டத்தில் ஓடுகிறது என்று எந்த உறுப்பினரும் பேசி நான் கேட்டதில்லை.

பெஸ்ட்டின் ஆண்டுப் பற்றாக்குறையோ இரண்டாயிரம் கோடியைத் தாண்டுகிறது. ஆயிரம் கொடுத்தால் மிச்சம் ஆயிரத்துக்கு மேல் எங்கே போகும்? ஓய்வுபெற்ற ஓட்டுநர், நடத்துநரின் பணிக்கொடை நிலுவையில் போகும். வங்கிக் கடனில் போகும். வாங்காத பஸ்களில் போகும். முப்பது ஆண்டு வேலை பார்த்தவர் பணிக்கொடைக்கு நடையாய் நடக்கிறார். மாநகராட்சி தராத மானியத்தை அவர் தருகிறார் என்று சொன்னால் அது மிகையாகாது.

நிர்வாகத்தில் குறையே இல்லையா? இருக்கிறது. பஸ் எண்ணிக்கை சரிந்த வேகத்தில் அலுவலகப் பணியிடங்கள் சரியவில்லை. பணிமனை நிலங்களைக் கட்டுமான நிறுவனங்களுக்குக் கொடுத்த பழைய ஒப்பந்தங்களில் வரவேண்டிய பணம் வழக்கில் சிக்கியது. தடங்களைப் பயணிகளின் தேவைக்கேற்ப மாற்றியமைப்பதில் சுணக்கம். இதெல்லாம் திருத்தப்பட வேண்டியவைதான். ஆனால் இவை எல்லாவற்றையும் திருத்தினாலும் பற்றாக்குறை பூஜ்யம் ஆகாது. ஒரு பெரிய காரணம் பெஸ்ட்டின் கையிலேயே இல்லை: சாலை.

கணக்குக்காக, பத்து கிலோமீட்டர் தடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் மணிக்கு 15 கிலோமீட்டர் ஓடினால் ஒரு வழிக்கு 40 நிமிடம். போய்வரவும் இடையில் நிற்கவும் 90 நிமிடம் என்று வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் விட ஒன்பது பஸ் போதும். நெரிசலில் வேகம் எட்டாகக் குறைந்தால் ஒரு வழிக்கே 75 நிமிடம். சுற்றுக்கு 160 நிமிடம். அதே பத்து நிமிட இடைவெளிக்கு இப்போது பதினாறு பஸ், அதற்கேற்ற ஓட்டுநர், நடத்துநர் வேண்டும். பயணி ஒருவர்கூடக் கூடவில்லை, செலவு மட்டும் முக்கால் பங்கு ஏறிவிட்டது. பஸ்ஸுக்கென்று தனித் தடம் ஒதுக்குவது, ஓரத்தில் நிற்கும் கார்களை அகற்றுவது, வாகன நிறுத்தத்துக்கு உரிய கட்டணம் வாங்குவது ஆகியவை மாநகராட்சியும் போக்குவரத்துக் காவல்துறையும் சேர்ந்தால் செய்யக்கூடியவை. பட்ஜெட் விவாதத்தில் இவற்றை யாரும் எழுப்புவதில்லை, ஏனென்றால் கார் வைத்திருப்பவர் உடனே தொலைபேசியில் கூப்பிடுவார். பஸ்ஸில் நிற்பவருக்கு உறுப்பினரின் எண் தெரியாது.

மெட்ரோ பற்றிக் கேட்டீர்கள். ஆரேயிலிருந்து கஃப் பரேடு வரை 33.5 கிலோமீட்டர் சுரங்க மெட்ரோ 2025 அக்டோபரில் முழுமையாகத் திறந்தது. நல்ல விஷயம். அதன் டிக்கெட் பத்து ரூபாயிலிருந்து எழுபது வரை. அதிலிருந்து இறங்குகிறவர் வீட்டுக்கு எப்படிப் போவார்? மும்பையில் பஸ் பயணம் பெரும்பாலும் குறுகியது, ரயில் நிலையத்துக்கும் வீட்டுக்கும் நடுவே. அதோடு, மாஹிமுக்கும் சயானுக்கும் தெற்கே ஆட்டோ ஓட அனுமதியே கிடையாது. அங்கே பஸ் இல்லையென்றால் டாக்சிதான், குறைந்தபட்சம் 31 ரூபாய். பரேலில் மருத்துவமனைக்கு வருகிற நோயாளிக்கும், கொலாபாவில் நாலு வீட்டில் பாத்திரம் துலக்குகிற பெண்ணுக்கும் அந்தப் பணம் சிறிதன்று.

இன்னொன்று, இதைத்தான் நான் மிக அதிகமாகக் குறைபட்டுக்கொள்வேன். இப்படிப்பட்ட முடிவுகள் மாமன்றத்தில் எடுக்கப்பட வேண்டியவை. 2022 மார்ச்சில் மன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2026 ஜனவரியில். இடையில் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள், 227 வார்டுகளுக்கும் உறுப்பினர் இல்லை, பெஸ்ட்டைக் கண்காணிக்கும் குழுவும் இல்லை, ஆணையரே நிர்வாகி. 2025 மே 9 அன்று குறைந்தபட்சக் கட்டணம் ஐந்திலிருந்து பத்தாக, ஏசியில் ஆறிலிருந்து பன்னிரண்டாக, ஒரே நாளில் இரட்டிப்பானபோது தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர்கூட வாக்களித்திருக்கவில்லை. குறைந்த கட்டணத்தை நாலு ஆண்டில் ஐந்தைந்து சதவீதமாக ஏற்றியிருந்தால் மக்கள் முணுமுணுத்திருப்பார்கள், அவ்வளவே. ஆறு ஆண்டு தொடாமல் வைத்திருந்து இரட்டிப்பாக்கியதால் பயணிகள் குறைந்தார்கள். ஒரு பக்கம் மானியம் கொடுத்து வரவழைத்த கூட்டத்தை இன்னொரு பக்கம் விரட்டிய கதை இது.

சென்னைக்காரர்களுக்கு இந்த விவாதமே புதிதாக இருக்கலாம். அங்கே மாநகரப் போக்குவரத்துக் கழகம் மாநில அரசுடையது. மாநகராட்சி உறுப்பினர்கள் பஸ்ஸுக்கு நிதி ஒதுக்குவதில்லை. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று அரசு அறிவித்தபோது, அதற்கான ஈட்டுத்தொகையும் மாநில பட்ஜெட்டிலிருந்தே வந்தது. மும்பையில் நிலைமை வேறு. மகாராஷ்டிர அரசு 2023 மார்ச்சில் பெண்களுக்குப் பாதிக் கட்டணம் என்று அறிவித்தது மாநிலப் போக்குவரத்துக் கழகப் பஸ்களுக்குத்தான். பெஸ்ட் மாநகராட்சியின் பிள்ளை; மாநகராட்சிதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதே மாநிலத்தில் புனேயைப் பாருங்கள். 2007-இல் புனே, பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சிகள் சேர்ந்து ஒரு பஸ் நிறுவனம் தொடங்கின. பங்கு 60-க்கு 40. பற்றாக்குறையையும் அதே விகிதத்தில் பகிர்ந்துகொள்கின்றன. அங்கும் பஸ் போதவில்லை, புகார்கள் ஏராளம். ஆனால் கொடுப்பதா வேண்டாமா என்று ஒவ்வொரு பிப்ரவரியிலும் முதலிலிருந்து தொடங்குவதில்லை. பெஸ்ட்டின் பஸ்கள் தாணேக்கும் நவி மும்பைக்கும் போகின்றன என்பதால், அந்த ஊர்களின் பங்கைக் கேட்பதும் நியாயமான பேச்சு. அதை மும்பை தீவிரமாகக் கேட்டதில்லை.

என் கையில் முடிவு இருந்தால், பழைய கடனையும் பணிக்கொடை நிலுவையையும் ஒரு தனிக் கணக்காகப் பிரித்து மாநகராட்சியின் வைப்புநிதியிலிருந்து ஒரே முறையில் தீர்ப்பேன். பல்லாயிரம் கோடி வைப்புநிதி வைத்திருக்கும் மாநகராட்சிக்கு அது முடியாத காரியம் இல்லை. அதன் பிறகு ஆண்டு மானியத்தை ஓடிய கிலோமீட்டரோடு கட்டுவேன்: அறிவித்த தடத்தில், அறிவித்த நேரத்தில் ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு, ஓடாததற்கு இல்லை. வாகன நிறுத்தக் கட்டணத்தில் ஒரு பங்கை இதற்கென ஒதுக்குவேன். பணிமனை நிலத்தை விற்று அன்றாடச் செலவை நடத்துவதற்கு மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். நிலம் ஒரு முறைதான் விலைபோகும், பஸ் இரவில் நிற்க இடம் தினமும் வேண்டும். மின்பேருந்துக்கு மின்னேற்றம் செய்யவும் அங்கேதான் இடம்.

நீங்கள் மும்பையில் வாக்களிப்பவராக இருந்தால், புதிய உறுப்பினரிடம் மானியத்தை ஆதரிக்கிறீர்களா என்று கேட்காதீர்கள். எல்லாருமே ஆமாம் என்பார்கள். உங்கள் வார்டில் 2019-இல் ஓடிய தடங்கள் எவை, இன்று ஓடுபவை எவை, காலை எட்டுக்கும் பத்துக்கும் நடுவே எத்தனை பஸ் வர வேண்டும், எத்தனை வருகிறது என்று எழுத்தில் கேளுங்கள். பெஸ்ட்டிடம் அந்தக் கணக்கு இருக்கிறது. குத்தகை நிறுவனங்களுக்குக் கிலோமீட்டர் கணக்கில் பணம் கொடுப்பதே அதை வைத்துத்தான்.